கீதா கோபிநாத்: ஆய்வு சொன்னதும் நாற்காலி சொன்னதும்

2025 ஆகஸ்ட் இறுதியில் கீதா கோபிநாத் சர்வதேச நிதியத்தின் முதல் துணை நிர்வாக இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பணிக்குத் திரும்பினார். ஐஎம்எஃப் என்று நாம் சுருக்கி அழைக்கும் அந்த நிறுவனத்தில் அவர் இருந்தது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். முதல் மூன்றாண்டுகள் தலைமைப் பொருளாதார அறிஞர். 2022 ஜனவரி 21 முதல் நிர்வாகத்தின் இரண்டாம் இடம். மைசூருவில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண், கடன்பட்ட நாடுகளின் நிதியமைச்சர்களெல்லாம் எதிரில் வந்து அமர வேண்டிய ஓர் இடத்தில் இருந்தார்.

இந்தச் செய்தியைப் பற்றி நமது வட்டாரங்களில் இரண்டு விதமான பேச்சுகள் நிலவுகின்றன. ஒன்று பெருமிதம்: நம் நாட்டுப் பெண், தென்னாட்டுப் பெண், உலக நிதியின் உச்சிக்குப் போனார் என்பது. மற்றது ஒரே சொல்லில் முடிந்துவிடுகிற நிராகரிப்பு: ஏகாதிபத்தியத்தின் ஊழியர், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது. முதலாவது, அந்த நாற்காலி யாருடையது என்று கேட்க மறுக்கிறது. இரண்டாவது, அந்த நாற்காலிக்கு வருமுன் அவர் எழுதியவை என்ன என்று படிக்க மறுக்கிறது. ஆய்வாளர் கீதா கோபிநாத் கண்டறிந்த உண்மைகளுக்கும், ராஜதந்திரி கீதா கோபிநாத் பேச நேர்ந்த மொழிக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளந்து பார்த்தால் சர்வதேச நிதி மூலதனம் எப்படி இயங்குகிறது என்பது பல பிரசுரங்களைக் காட்டிலும் தெளிவாக விளங்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மைசூருவும் 1991ம்

1971 டிசம்பரில் கொல்கத்தாவில், கேரளத்தின் கண்ணூரைப் பூர்வீகமாகக் கொண்ட மலையாளிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே குடும்பம் மைசூருவுக்குக் குடிபெயர்ந்தது. நிர்மலா கான்வென்ட் பள்ளியிலும் மகாஜனா கல்லூரியிலும் படித்தார். பிறகு தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பொருளாதாரத்தில் இளங்கலை, தில்லி பொருளாதாரப் பள்ளியில் முதுகலை. அதன் பின்னரே அமெரிக்கா. 2001இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த நாளைய மைசூரு எத்தகைய நகரம் என்பதை மறந்துவிடக் கூடாது. விஸ்வேஸ்வரய்யா காலத்திலிருந்தே அரசு முன்னின்று தொழிலையும் கல்வியையும் வளர்த்த நாடு பழைய மைசூர். பட்டு ஆலை அரசுடையது. தேர்தலில் நம் விரலில் வைக்கும் அழியாத மையைத் தயாரிக்கும் வண்ணப்பூச்சு ஆலை, 1937இல் சமஸ்தானம் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950இல் அங்கே வந்தது. ரயில்வே பணிமனை, பொதுத்துறைத் தொழிற்சாலை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று நகரத்தின் நடுத்தர வர்க்க வாழ்வே பொதுத்துறையின் நிழலில் தழைத்தது. பின்னர் கீதா படித்த தில்லிப் பல்கலைக்கழகமும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பதே. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் ஒரு சிறுநகரத்துப் பெண்ணும் அங்கே போய்ப் படிக்க முடிந்ததற்குக் காரணம் அதன் குறைந்த கட்டணம். பொதுக்கல்விக்கான செலவைச் சுருக்கச் சொல்லும் நிறுவனம் எதுவென்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1991இல் அவர் கல்லூரி மாணவி. அந்நியச் செலாவணி கரைந்துபோய், இந்தியா 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்த ஆண்டு அது. ஜூலை முதல் வாரத்தில் இரண்டே நாள் இடைவெளியில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. ஐஎம்எஃப் கடனும் அதன் நிபந்தனைகளும் வந்தன. தாம் பொருளாதார ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுக்க அந்த நெருக்கடியே தூண்டுகோல் என்று கீதா கோபிநாத் பலமுறை கூறியிருக்கிறார்.

அதே நெருக்கடி பழைய மைசூர் நாட்டின் இன்னொரு மூலையில் வேறு மாதிரி வந்து இறங்கியது. கோலார் தங்கவயலில் நூறாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் வட தமிழகத்திலிருந்து சென்ற தலித் தொழிலாளர்கள். நாட்டின் நெருக்கடி தங்கத்தை அடகு வைத்துத்தான் தீர்க்கப்பட்டது; தங்கத்தை வெட்டியவர்களுக்கோ 1991க்குப் பின் வந்த கொள்கையில் இடம் இருக்கவில்லை. பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் நட்டக் கணக்கு காட்டி 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. கீதா கோபிநாத் முனைவர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டு. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஒரே நெருக்கடி ஒருவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று. இன்னொருவருக்கு வேலையிழப்பாயிற்று என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். இன்றும் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவில் கூலி வேலை செய்து இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

டாலர் பற்றிய ஆய்வு

அவருடைய முக்கியமான ஆய்வு டாலரைப் பற்றியது. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் அது நமக்குப் பயன்படும்.

பாடநூல் சொல்வது இது: ஒரு நாட்டின் நாணய மதிப்பு சரிந்தால் அதன் ஏற்றுமதிப் பொருள் வெளிநாட்டாருக்கு மலிவாகும், ஏற்றுமதி பெருகும், இறக்குமதி குறையும், பற்றாக்குறை தானே சரியாகும். கடன் கேட்டு வரும் நாடுகளிடம் ‘நாணயத்தைச் சந்தையின் போக்கில் விடுங்கள்’ என்று சொல்வதற்கு ஐஎம்எஃப் ஐம்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் வாதம் இதுவே.

கீதா கோபிநாத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் உலக வர்த்தகத்தில் விலைச்சீட்டு எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்று தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இந்தியாவின் இறக்குமதியில் 86 சதவீதத்துக்கு டாலரில் விலை குறிக்கப்படுகிறது. அமெரிக்காவிலிருந்து வருவதோ வெறும் 5 சதவீதம். ஏற்றுமதியிலும் 86 சதவீதம் டாலரில்; அமெரிக்காவுக்குப் போவது 15 சதவீதம்தான். 2015இல் அவர் வெளியிட்ட கணக்கு இது. விலை டாலரில் எழுதப்பட்டு, உடனே மாறாமல் நிற்கும்போது, ரூபாய் சரிவதால் என்ன நடக்கும்?

திருப்பூர் பனியனை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் வாங்குபவருக்குச் சொல்லப்பட்ட விலை டாலரில். ரூபாய் சரிந்தாலும் அந்த டாலர் விலை அப்படியே இருக்கிறது. அவருக்குப் பொருள் மலிவாகவில்லை; எனவே கூடுதலாக வாங்க அவருக்குக் காரணம் இல்லை. ஆனால் நாம் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், உரம், சாயப்பொருள் எல்லாம் அன்றே விலை ஏறிவிடுகின்றன. ஆக, நாணயச் சரிவு ஏற்றுமதியைப் பாடநூல் சொல்லும் அளவுக்குப் பெருக்குவதில்லை. உள்நாட்டில் விலைவாசியை மட்டும் உடனடியாக உயர்த்துகிறது. 2020இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் முதன்மை ஆய்விதழில் வெளியான ‘மேலாதிக்க நாணயம்’ பற்றிய கட்டுரையின் சாரம் இதுதான்.

இதில் நாம் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. ரூபாய் சரியும்போது டாலர் ஒன்றுக்குக் கூடுதல் ரூபாய் ஏற்றுமதி முதலாளியின் கைக்கு வருகிறது. தொழிலாளியின் கூலி ரூபாயில், போட்ட இடத்திலேயே நிற்கிறது. அவர் வாங்கும் எண்ணெய்யும் பேருந்துக்கு ஊற்றும் டீசலும் டாலரோடு சேர்ந்து ஏறுகின்றன. வர்க்கம் என்ற சொல் அந்த ஆய்வுக் கட்டுரையில் வராது. டாலர் ஏன் மேலாதிக்க நாணயமாக இருக்கிறது, அதன் பின்னால் எந்தக் கப்பற்படை நிற்கிறது என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் இடதுசாரிப் பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லிவந்ததை, எதிர்முகாமின் சொந்த அளவுகோலால் அளந்து மெய்ப்பித்துத் தந்த ஆய்வு அது. எதிரியின் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பயன்படுத்திக்கொள்ளாத வழக்கறிஞர் உண்டா?

செல்லாக்காசு

இரண்டாவது ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதத்தை மோடி அரசு செல்லாது என்று அறிவித்தது. (மேலே கண்ட அதே எண், தற்செயல்தான்.) அதன் விளைவு தற்காலிகமானது, அற்பமானது என்று அரசு சாதித்துக்கொண்டிருந்தபோது, கீதா கோபிநாத்தும் மேலும் மூவரும் ஒரு வழியைக் கண்டார்கள். புதிய நோட்டுகள் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. எந்த மாவட்டத்தில் தட்டுப்பாடு அதிகம், எதில் குறைவு என்று பிரித்து, அந்தந்த மாவட்டத்தின் பொருளாதார நடவடிக்கையை, இரவில் செயற்கைக்கோள் பதிவு செய்த வெளிச்சத்தின் அளவு உள்ளிட்ட தரவுகளோடு ஒப்பிட்டார்கள். நோட்டுத் தட்டுப்பாடு எங்கே கடுமையாக இருந்ததோ அங்கே வெளிச்சம் மங்கியிருந்தது. அந்தக் காலாண்டில் பொருளாதார நடவடிக்கையின் வளர்ச்சி குறைந்தது 2 சதவீதப் புள்ளிகள் வீழ்ந்தது என்று முடிவு கூறினார்கள்.

முறைசாராத் தொழில்களின் நாசத்தை அரசின் புள்ளிவிவரம் பிடிக்காது. வானத்திலிருந்து எடுத்த படம் பிடித்தது. ஈரோட்டு விசைத்தறிக்காரரும் மைசூருவின் ஊதுபத்தி சுருட்டும் பெண்ணும் வங்கி வாசலில் நின்று அறிந்திருந்ததை அது எண்ணாக்கியது. இந்த ஆய்வை நாம் மேடைகளில் பயன்படுத்தியது மிகக் குறைவு. எழுதியவர் ஐஎம்எஃப்காரர் என்ற தயக்கம் காரணமாக இருந்திருக்கலாம். 2020 ஜனவரியில் ஐஎம்எஃப் இந்தியாவின் வளர்ச்சிக் கணிப்பை 4.8 சதவீதமாகக் குறைத்தபோது, இனி அமைச்சர்கள் கீதா கோபிநாத் மீது பாயப்போகிறார்கள் என்று காங்கிரஸ் தலைவர் ப. சிதம்பரம் கேலி செய்தார். தாராளமயத்தை இங்கே இறக்கிவைத்த கைகளில் ஒன்று அந்தக் கேலியைச் செய்தது என்பதும் ஒரு வேடிக்கை.

கேரளத்து அத்தியாயம்

இடையில் ஒரு செய்தியைத் தாண்டிச் செல்ல முடியாது. 2016 ஜூலையில், புதிதாகப் பொறுப்பேற்ற இடது ஜனநாயக முன்னணி அரசின் முதலமைச்சர் பினராயி விஜயன், கீதா கோபிநாத்தைத் தமது பொருளாதார ஆலோசகராக நியமித்தார். ஊதியமில்லாத கௌரவப் பொறுப்பு. தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் வெளிப்படையாக எதிர்த்தார். மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராக இருந்த பேராசிரியர் பிரபாத் பட்நாயக் கவலை தெரிவித்தார். 2018இல் ஐஎம்எஃப் நியமனம் வந்ததும் அந்தப் பொறுப்பு முடிவுக்கு வந்தது.

எதிர்த்தவர்களின் வாதத்தில் சாரம் இருந்தது. ஆலோசகர் என்பவர் வெறும் கணக்கர் அல்லர். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதையே அவர் தீர்மானிக்கிறார். மறுபுறம், உலக நிதிச் சந்தையின் உள்விவகாரம் அறிந்தவரிடம் தகவல் கேட்பதாலேயே ஓர் அரசின் வர்க்க நிலைப்பாடு மாறிவிடும் என்பதும் மிகை. என் கருத்தில் அந்த விவாதம் நடந்தவரை நன்றே நடந்தது. நியமனம் காலாவதியானதோடு அதையும் கைவிட்டதுதான் சரியில்லை. ஒன்றிய அரசு நிதியை நெரிக்கும்போது ஒரு மாநில இடது அரசு யாரிடமிருந்து எந்த அறிவைப் பெறலாம், எங்கே கோடு கிழிப்பது என்ற கேள்வி கேரளத்துக்கு மட்டும் உரியதன்று.

நாற்காலியின் இலக்கணம்

2019 ஜனவரியில் ஐஎம்எஃப்பின் முதல் பெண் தலைமைப் பொருளாதார அறிஞராக அவர் வாஷிங்டன் சென்றார். அங்கே வாக்குரிமை ஒரு நாட்டுக்கு ஒன்று அல்ல; பணத்தின் அளவுப்படி. அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16.5 சதவீதம். முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும் என்பது விதி. ஆகவே அமெரிக்கா ஒன்று மட்டும் ‘இல்லை’ என்றால் போதும். நூற்று நாற்பது கோடி மக்களின் இந்தியாவுக்கு 3 சதவீதம்கூட இல்லை. நிர்வாக இயக்குநர் ஐரோப்பியராகவும், முதல் துணை நிர்வாக இயக்குநர் அமெரிக்கராகவும் இருப்பது எழுதப்படாத சட்டம். கீதா கோபிநாத் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அதனால்தான் அந்த இரண்டாவது நாற்காலி அவருக்குச் சாத்தியமாயிற்று. இந்தியாவுக்குக் கிடைத்த இடம் என்று கொண்டாடியவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த நாற்காலியில் ஏறியதும் மொழி மாறுகிறது. 2021 ஜனவரியில் லட்சக்கணக்கான விவசாயிகள் தில்லி எல்லையில் குளிரில் அமர்ந்திருந்தார்கள். அப்போது தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த அவர், வேளாண் சட்டங்கள் சந்தையை விரிவாக்கி விவசாயிகளின் வருமானத்தை உயர்த்தும் வாய்ப்புள்ளவை என்றும், மாற்றத்தால் பாதிக்கப்படுவோருக்குச் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்றும் கூறினார். செல்லாக்காசு ஆய்வில் மாவட்டம் மாவட்டமாகத் தரவு தேடியவர், இங்கே மண்டி முறை ஒழிக்கப்பட்ட பீகாரில் விவசாயிக்கு என்ன விலை கிடைத்தது என்று கேட்கவில்லை. எழுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை விவசாயிகள் இழந்த பிறகு, 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களை மோடியே திரும்பப் பெற நேர்ந்தது. ‘பாதிக்கப்படுவோருக்குப் பாதுகாப்பு’ என்ற அந்த இணைப்பு வாக்கியம் ஐஎம்எஃப் அறிக்கைகள் அனைத்திலும் வரும். வெட்டு முதலில் வரும். கட்டுத்துணி பிறகு, அதுவும் கையிருப்பில் இருந்தால்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தத் தூரம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அரசுகள் தாராளமாகச் செலவிட வேண்டும் என்று 2020 நவம்பரில் அவரே எழுதினார். அதே ஆண்டில் அவருடைய நிறுவனம் கொடுத்த கடன்களை ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஆராய்ந்தது: 91 கடன்களில் 76, தொற்று தணிந்ததும் செலவைச் சுருக்குமாறு கூறின அல்லது கோரின. 2021 மே மாதம் உலகம் முழுவதற்கும் தடுப்பூசி போட 5,000 கோடி டாலர் திட்டம் ஒன்றை இன்னொரு பொருளாதார அறிஞருடன் சேர்ந்து அவர் முன்வைத்தார். கணக்கு துல்லியமானது, உலகப் பொருளாதாரத்துக்கு அதைவிடப் பன்மடங்கு திரும்பக் கிடைக்கும் என்றும் காட்டியது. ஆனால் திட்டத்தின் அச்சாணியாக இருந்தது நன்கொடையும் நிதியும். மருந்து நிறுவனங்களின் காப்புரிமையை நிறுத்திவைக்க இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் வைத்த கோரிக்கை அச்சாணியாகவில்லை. அந்த ஆண்டின் முடிவில் மிக ஏழை நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தடுப்பூசி போய்ச் சேரவில்லை. அதே 2021இல் ஐஎம்எஃப் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்புரிமையை உறுப்பு நாடுகளுக்குப் பகிர்ந்தது. அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 11,300 கோடி. குறைந்த வருமான நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து 2,100 கோடி. அங்கே பங்கீடு நடப்பது தேவையின்படி அல்ல, ஒதுக்கீட்டின்படி.

கெய்ரோவின் ரொட்டி, கொழும்பின் மின்கட்டணம்

டாலர் ஆய்வு சொன்னதும் நாற்காலி செய்ததும் நேருக்கு நேர் மோதிய இடம் எகிப்து. உலகில் மிக அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் முதன்மையானது அது. 2024 மார்ச்சில் எகிப்தியப் பவுண்டு சந்தையின் போக்கில் விடப்பட்டது. டாலருக்கு 31 என்றிருந்தது ஒரே நாளில் 50ஐ நெருங்கியது. அன்றே ஐஎம்எஃப் கடன் 300 கோடி டாலரிலிருந்து 800 கோடியாக உயர்த்தப்பட்டது. ஜூன் மாதம் மானிய ரொட்டியின் விலை 5 பியாஸ்டரிலிருந்து 20 பியாஸ்டராயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த ஆட்சியாளரும் தொடத் துணியாத விலை அது. நாணயச் சரிவு இறக்குமதிப் பொருளின் விலையை ஏற்றும், ஏற்றுமதியை அவ்வளவாகப் பெருக்காது என்று எழுதியவர் அப்போது அந்த நிறுவனத்தின் இரண்டாம் இடத்தில் இருந்தார்.

நமக்கு மிக அருகில் இலங்கை. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டது. டாலருக்கு 200 என்றிருந்தது இரண்டே மாதங்களில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைத் திருப்பித் தர இயலாது என்று அரசு அறிவித்தது. 2023 மார்ச் 20 அன்று 48 மாதங்களுக்கான, ஏறத்தாழ 300 கோடி டாலர் ஐஎம்எஃப் திட்டம் ஒப்புதல் பெற்றது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. 8 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை அடுத்த ஆண்டே 25 சதவீதமாயிற்று என்று உலக வங்கியே கணக்கிட்டது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை யார் தலையில் ஏற்றப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அரசுக் கடன் பத்திரங்களை வைத்திருந்த வங்கிகளுக்கு விலக்கு. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதிக்கு விலக்கில்லை: குறைந்த வட்டிப் பத்திரங்களை ஏற்க வேண்டும், மறுத்தால் 30 சதவீத வரி. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் ஓய்வுக்காலச் சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது. ஐஎம்எஃப்பை விமர்சித்து வளர்ந்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபரானார். திட்டத்தை விட்டு வெளியேற அவராலும் முடியவில்லை. 2025 ஜனவரியில் சற்றுக் குறைக்கப்பட்ட மின்கட்டணம், ‘செலவுக்கு ஏற்ற விலை’ என்ற நிபந்தனையின் அழுத்தத்தில் ஜூன் 12 அன்று மீண்டும் 15 சதவீதம் உயர்ந்தது. அடுத்த சில நாட்களில் கொழும்பு வந்த கீதா கோபிநாத், இலங்கையின் மீட்சிப் பாதை பற்றிய மாநாட்டில் பங்கேற்றார்.

இதையெல்லாம் அவருடைய தனிப்பட்ட கொடுமை என்று எழுதுவது பேதமை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் இதுவே நடந்திருக்கும். உள்ளிருந்து அவர் நகர்த்திய சில கற்களும் உண்டு. மூலதனம் கட்டுப்பாடின்றி நாடு விட்டு நாடு பாய்வதே நல்லது என்ற ஐஎம்எஃப்பின் பழைய வேதம், அவரும் சக ஆய்வாளர்களும் வகுத்த ஆய்வுச் சட்டகத்தின் துணையோடு 2022 மார்ச்சில் ஓரளவு திருத்தப்பட்டது. சில சூழ்நிலைகளில் நெருக்கடிக்கு முன்பே மூலதன வரவைக் கட்டுப்படுத்தலாம் என்று அது ஒப்புக்கொண்டது. 1998இல் மலேசியா மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்தபோது அதை வசைபாடிய உலகம் இது. அதிகக் கடன் வாங்கிய நாடுகளிடம் வசூலிக்கும் கூடுதல் கட்டணமும் 2024 அக்டோபரில் குறைக்கப்பட்டது. கடனாளி நாடுகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 120 கோடி டாலர் மிச்சம். ஆனால் குறைக்கப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை. இடருற்றவரிடம் அபராத வட்டி வாங்கும் கந்துவட்டி முறை இன்னும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டு பெண்கள்

2022 முதல் 2025 வரை ஐஎம்எஃப்பின் முதலிரண்டு இடங்களிலும் பெண்கள்: கிறிஸ்டலினா ஜார்ஜீவாவும் கீதா கோபிநாத்தும். அந்நிறுவன வரலாற்றில் அது முதல் முறை. இதைத் துச்சமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற மூன்றாவது பெண் அவர். அமர்த்தியா சென்னுக்குப் பின் அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர். ஆண்களின் கோட்டையாக இருந்த ஒரு துறையில் அந்த ஏற்றம் எளிதில் கிட்டியதன்று. ஆனால் மேலே இருவரும் பெண்களாக இருந்த அந்த ஆண்டுகளில்தான், மின்கட்டணம் கட்ட முடியாமல் விறகடுப்புக்குத் திரும்பியவர்களும், பிள்ளைகளுக்கு முதலில் சோறிட்டுத் தாம் குறைத்து உண்டவர்களும் பெண்களாக இருந்தார்கள்.

அடுத்து யார் வந்தார் என்பது இன்னும் வெளிப்படை. 2025 அக்டோபரில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் டான் காட்ஸ். அதற்கு முன் டிரம்ப் அரசின் நிதியமைச்சர் ஸ்காட் பெசன்ட்டின் தலைமை அதிகாரியாக இருந்தவர். ஆய்வாளரின் முகம் போய், கருவூலத்தின் முகமே நேரடியாக வந்துவிட்டது. இலங்கையின் மின்கட்டண நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கிறது.

நமது அரசியல் பொருளாதார வகுப்புகளை எடுப்போரில் பெண் தோழர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மாவட்டக் குழுவும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மைசூருவிலும் பெங்களூருவிலும் தங்கவயலிலும் உள்ள தமிழ்த் தோழர்கள் கன்னடத் தோழர்களோடு சேர்ந்து, செல்லாக்காசு ஆய்வையும் டாலர் ஆய்வையும் தொழிற்சங்க வகுப்புக்கு ஏற்ற எளிய நடையில் இரு மொழிகளிலும் சுருக்கித் தரலாம். இரண்டும் சேர்ந்து நாற்பது பக்கம் வராது. ரூபாய் மீண்டும் சரியும்போது, ‘ஏற்றுமதிக்கு நல்லது’ என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். திருப்பூரின் தையல் தொழிலாளி அப்போது அந்தச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்குப் போக முடியும்.